பேயுருவும் கல்லுருவும்: புனிதவதி முதல் அகலிகை வரை

பெண்ணுடல் பேயாவதும் கல்லாவதும் உலகில் நடவாதவை. ஆயினும் கணவன் மனைவி உறவின் எதிர்பார்ப்புகளைச் சொன்ன தமிழ்க் கதைகளுள் நெஞ்சில் ஆழத் தங்கியவற்றில் இந்த நடவாத செயல்களுக்குப் பெரிய இடம் உண்டு. இதை ஐரோப்பிய சர்ரியலிசத்தின் கொடையாகக் காண்பது குறைப்பார்வை. கண்முன் நடக்கும் குடும்ப வாழ்வைச் சொல்லும் கதையில் மனைவி அழலாம், பொறுக்கலாம், சாகலாம். உறவின் விதியையே மறுப்பது அவளுக்கு அரிது. விசித்திரக் கதை அந்த மறுப்பை அவள் உடலுக்கே தந்துவிடுகிறது. ஈர்ப்பின் வேர் அதுவே என்பது என் வாதம். அதற்கான சான்றுகள் தில்லையோடும் (சிதம்பரம்) கடலூரோடும் தொடர்புடைய மூவரின் எழுத்தில் கிடைக்கின்றன.

சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தைத் தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் அரங்கேற்றினார் என்பது மரபு. அந்நூலில் உள்ளது புனிதவதி என்ற காரைக்காலம்மையாரின் கதை. அவள் வேண்டியதும் கையில் மாங்கனி வந்த விதம் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன், அவளைவிட்டுக் கப்பலேறுகிறான். பாண்டிநாட்டில் வேறொருத்தியை மணக்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உறவினர் அழைத்து வந்த முதல் மனைவியின் காலில் விழுகிறான். அவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று அவள் பேயுருவை வேண்டிப் பெறுகிறாள். பக்தியின் உச்சம் என்றே இதை விளக்குவர். அது உண்மைதான். அதனோடு இன்னொன்றும் இங்கே நடக்கிறது: கணவன் தெய்வமாக்கிக் கைவிட்ட பெண், அவனுக்கு உரியதாயிருந்த உடலைத் தானே கழற்றி வைக்கிறாள்.

1906இல் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன், கணவர் கௌதம முனிவரின் சாபத்தால் கல்லான புராணத்து அகலிகையை இருமுறை எழுதினார். 1934இல் வந்த ‘அகல்யை’யில் சாபமும் இல்லை, கல்லும் இல்லை. மனத்தின் தூய்மையே கற்பு என்று கௌதமர் தெளிகிறார். நேர்மையான கதைதான். ஆனால் தீர்ப்பு கணவன் வாயிலிருந்து வருகிறது. அவள் மன்னிக்கப்பட்டவளாகவே நிற்கிறாள். 1943இல் வந்த ‘சாபவிமோசன’த்தில் அவர் புராணத்தின் விசித்திரத்துக்கே திரும்புகிறார். இராமனால் கல் பெண்ணாகிறது, புற்றிலிருந்து கௌதமர் எழுகிறார். இருவரும் மீண்டும் வாழ முயல்கிறார்கள். கணவர் அன்பானவர், பழியை எப்போதோ மறந்தவர். அகலிகையால்தான் மறக்க முடியவில்லை. யார் எதைச் சொன்னாலும் உள்ளர்த்தம் தேடித் துடிக்கிறாள். பிறகு சீதையே வந்து, இராமன் கேட்டுத் தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். அகலிகையை மீட்டவனே தன் மனைவியிடம் அதைக் கேட்டிருக்கிறான். அகலிகை மறுபடியும் கல்லாகிறாள்.

முதல் சாபம் முனிவர் இட்டது. இரண்டாவது கல்லை யாரும் இடவில்லை. ஒன்பதாண்டு இடைவெளியில் ஓர் எழுத்தாளர் அடைந்த தொலைவு இது. இராமாயணப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இக்கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பொருட்படுத்தவில்லை என்று அவர் முன்குறிப்பு எழுதியதற்கும் காரணம் உண்டு. நல்ல கணவனின் மன்னிப்பும் போதாது என்று சொல்லும் கதையை, வாதத்தால் நடத்தியிருந்தால் பட்டிமன்றமாக முடிந்திருக்கும்.

விசித்திரம் எல்லாம் பெண்ணின் பக்கம் நிற்பதில்லை. சிதம்பரத்தில் நெடுங்காலம் வாழ்ந்து 1985இல் அங்கேயே மறைந்த மௌனி இதற்குச் சான்று. ‘அழியாச்சுட’ரில் கோயிலில் கண்ட ஒரு பெண்ணுக்கு என்றோ தந்த வாக்கு, ஆண்டுகள் கழித்து ஒருவனை ஆட்டுவிக்கிறது. தூணின் யாளிக்கும் சன்னலுக்கு வெளியே நிற்கும் இலையற்ற மரத்துக்கும் அவன் தவிப்பால் உயிர் வருகிறது. தமிழ் உரைநடை அடைந்த அரிய உயரங்களுள் அது ஒன்று; நானும் அதில் மயங்குகிறேன். ஆனால் அங்கே உயிர்பெறுபவை யாளியும் மரமும். அந்தப் பெண் ஒரு பார்வையாக மட்டுமே எஞ்சுகிறாள். காதலின் எதிர்பார்ப்பு அங்கே கேள்விக்கு உள்ளாவதில்லை, பிரபஞ்ச அளவுக்குப் பெருகுகிறது. அந்த ஈர்ப்பு வேறு வகை.

பெண்ணின் பக்கம் நிற்கும் மரபில் அடுத்த அடி, எழுத்தாளர் அம்பையின் ‘காட்டில் ஒரு மான்’ சிறுகதை. பூப்பெய்தாத தங்கம் அத்தை, வழிதவறிப் புதுக் காட்டுக்குள் புகுந்த மானின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்கிறாள். இங்கே விசித்திரத்தைச் சொல்பவளே பெண்.

நம் பாடத்திட்டங்களில் பெரியபுராணம் பக்தி இலக்கியத் தாளிலும் புதுமைப்பித்தனும் அம்பையும் இக்கால இலக்கியத் தாளிலும் பிரிந்து கிடப்பதால் இந்தத் தொடர்ச்சி மாணவர் கண்ணில் படுவதில்லை. புனிதவதியின் பேயுருவையும் அகலிகையின் இரண்டாவது கல்லையும் ஒரே வகுப்பில், ஒரே வாரத்தில் கற்பிக்க வேண்டும்.