கல்வெட்டு முதல் கைப்பேசி வரை

மும்பையிலோ தில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் நம்மவர் ஒருவரின் அன்றாட வாழ்வை எண்ணிப் பாருங்கள். அவர் மாதந்தோறும் வீட்டு வாடகை செலுத்துகிறார். பற்றுச்சீட்டு கைப்பேசியில் செய்தியாக வந்து சேர்கிறது. ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்புகிறார். அதற்குரிய சான்றும் அக்கைப்பேசியிலேயே தங்குகிறது. வேலைக்கு அமர்த்திய ஆணை மின்னஞ்சலாக வந்தது. இவற்றுள் எதனையும் அவர் தாளில் கண்டதில்லை. நாளை ஒரு வழக்கு எழுமாயின், “இதோ என் ஆவணம்” என்று நீதிமன்றத்தில் எதனை எடுத்துக் காட்டுவார்? இவ்வினாவிற்குரிய விடை, சட்டம் சில சொற்களுக்கு வகுத்துள்ள இலக்கணத்தில் அடங்கியுள்ளது. அவ்விலக்கணம் வளர்ந்த வரலாற்றைச் சற்றுக் காண்போம்.

ஒரு பொருளுக்கு இலக்கணம் வகுக்குமிடத்து நேரக்கூடிய குற்றங்கள் மூன்று என்பர் தருக்க நூலார். பசுவைக் கபில நிறமுடையது என்றால், பிற நிறப் பசுக்கள் விடுபட்டுப் போகும், இது அவ்வியாப்தி. கொம்புடையது என்றால், எருமையும் ஆடும் உள்ளே புகுந்துவிடும், இது அதிவியாப்தி. ஒற்றைக் குளம்புடையது என்றால், எந்தப் பசுவிற்கும் பொருந்தாது, இது அசம்பவம். ஏட்டுக் கல்வியில் இவை வெறும் பிழைகள். சட்டத்திலோ, முதற் குற்றத்தால் ஒருவர் தம் உரிமையை இழக்க நேரிடும். இரண்டாவதால் தம் விடுதலையையே இழக்க நேரிடும்.

இந்தியச் சாட்சியச் சட்டம் 1872ஆம் ஆண்டில் இயற்றப்பெற்றது. அதனை வரைந்தவர் சர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் என்னும் ஆங்கிலச் சட்ட அறிஞர். எழுத்து, எண், குறி ஆகியவற்றால் ஏதேனும் ஒரு பொருளின்மீது பதியப்பெற்ற செய்தி எதுவாயினும் அஃது ஆவணமாகும் என்று அச்சட்டம் கூறிற்று. தாள் என்ற சொல்லை இலக்கணத்தில் வைக்காது, “ஒரு பொருளின்மீது” என்று பொதுப்பட உரைத்தது அதன் சிறப்பு. கையெழுத்து, அச்செழுத்து, நிலப்படம், கேலிச் சித்திரம் ஆகியவற்றோடு, கல்லிலும் உலோகத் தகட்டிலும் பொறித்த எழுத்தும் எடுத்துக்காட்டாகத் தரப்பெற்றது. கோயிற் சுவரிலும் செப்பேட்டிலும் நிலக்கொடைகளைப் பொறித்து வைத்த மரபில் வந்த நமக்கு இதில் வியப்பொன்றும் இராது.

ஸ்டீபன் பின்னர் இங்கிலாந்தில் நீதிபதியானார். 1880இல் விந்தையான வழக்கு ஒன்று அவர் முன் வந்தது. தந்திப் போக்குவரத்து அரசின் தனியுரிமை; தனியார் குழு ஒன்றோ இலண்டனில் தொலைபேசி நடத்தியது. தந்தியைப்பற்றிய சட்டம் 1863ஆம் ஆண்டினது. தொலைபேசி 1876இல்தான் தோன்றிற்று. பிறவாத ஒன்றைச் சட்டம் குறித்திருக்க இயலுமா என்பது கேள்வி. மின்விசையால் செய்தி அனுப்பும் பிற்காலக் கண்டுபிடிப்புகளையும் தழுவும் வகையில் அச்சட்டத்தின் சொற்கள் அமைந்துள்ளன. ஆதலின் தொலைபேசியும் தந்தியே என்று தீர்ப்பாயிற்று. இவ்வழியிலேயே, 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்திலுள்ள சொல் கம்பியில்லாத் தந்தியையும் தழுவும் என்று நம் உச்சநீதிமன்றம் பிற்காலத்தில் கொண்டது.

பின்னர் ஒலிப்பதிவு நாடாவும் நீதிமன்றங்களுக்கு வந்தது. தேர்தல் வழக்கொன்றில், நாடாவில் பதிந்த சொற்பொழிவும் ஆவணமே என உச்சநீதிமன்றம் 1975இல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் கணிப்பொறி தந்த இடர் வேறு வகையினது. கல்லில் எழுதியதை மாற்றினால் வடுத் தெரியும். கணிப்பொறியில் உள்ளதை மாற்றினால் கண்ணுக்குப் புலனாகும் அடையாளம் எதுவும் எஞ்சாது. மூலம் எது, நகல் எது என்பதே ஐயத்திற்குரியதாயிற்று. பழைய சொல்லை நீட்டிப் பொருள் கொள்வது இங்குப் போதவில்லை.

ஐக்கிய நாடுகளின் வணிகச் சட்ட ஆணையம் 1996இல் மின்னணு வணிகத்திற்கு ஒரு மாதிரிச் சட்டம் வகுத்தது. அதனைத் தழுவி நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இயற்றப்பெற்று, 2000ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கணிப்பொறி, தரவு, மின்னணுப் பதிவு முதலிய சொற்களுக்கு அச்சட்டம் இலக்கணம் கூறுகிறது. மின், காந்த அல்லது ஒளித் துடிப்புகளைக் கொண்டு தருக்கம், கணக்கு, நினைவு ஆகிய தொழில்களை ஆற்றும் விரைவுச் சாதனம் கணிப்பொறி எனப்பட்டது. வடிவத்தைக் கூறாது தொழிலைக் கூறியமையால் இவ்விலக்கணம் நெடுநாள் நின்றது. தரவு என்பதன் விளக்கத்தில், அந்நாளிலேயே வழக்கொழிந்து வந்த துளையிட்ட அட்டைகளும் இடம்பெற்றன. பழையதும் விடுபடலாகாது, புதியதும் விடுபடலாகாது என்னும் கவலையை அதில் காண்கிறோம்.

அக்கவலை வீண் போகவில்லை. கைப்பேசியின் உட்பதிவை மாற்றிய வழக்கொன்றில், கைப்பேசியும் கணிப்பொறியே என்று ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் 2005இல் கூறிற்று. 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தகவல் தொடர்புச் சாதனம் என்ற சொல்லைத் தனியே சேர்த்துக் கைப்பேசியைப் பெயர் சுட்டியே குறித்தது.

அதே திருத்தம் 66 ஏ என்னும் பிரிவையும் கொணர்ந்தது. மிகவும் புண்படுத்தும் செய்தி, தொல்லை விளைக்கும் செய்தி என்பனவற்றை அனுப்புவோர்க்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க அப்பிரிவு இடந்தந்தது. புண்படுத்துவது யாது, தொல்லை யாது என்பதற்கு மட்டும் இலக்கணம் இல்லை. ஒருவர்க்கு நகைச்சுவையாவது மற்றொருவர்க்குப் புண்படுத்துவதாகலாம். கருவிக்கு நுணுக்கமான விளக்கம் தந்த சட்டம், குற்றத்திற்கு விளக்கம் தரத் தவறியது. எல்லையற்ற இச்சொற்கள் பேச்சுரிமைக்கு முரணானவை என்று உச்சநீதிமன்றம் 2015 மார்ச் 24ஆம் நாள் அப்பிரிவை நீக்கிற்று. அதிவியாப்தியின் கொடுமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

சான்றின் கதையோ இன்னும் நீண்டது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் சாட்சியச் சட்டத்தையும் திருத்தி, மின்னணுப் பதிவின் நகலை அளிப்போர் உரிய சான்றிதழும் அளிக்க வேண்டும் என்று விதித்தது. கேரளத்தில் 2011ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலைப் பற்றிய வழக்கொன்றில், பாடல்களும் பேச்சுகளும் அடங்கிய குறுந்தகடுகள் சான்றாக வைக்கப்பெற்றன. சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் அவற்றை ஏற்க இயலாது என உச்சநீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. இடையே சற்றுத் தளர்த்தப்பெற்ற இந்நெறியை, மூன்று நீதிபதிகள் அமர்ந்த அவை 2020இல் மீண்டும் உறுதி செய்தது. உண்மை கையிலிருந்தும் முறை தவறினால் பயனில்லை என்பதை இவ்வழக்குகள் காட்டின.

1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியம் 2024 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மின்னணுப் பதிவும் ஆவணமே என்று அதன் இலக்கணம் வெளிப்படையாகக் கூறுகிறது. மின்னஞ்சல், திறன்பேசியிலுள்ள செய்தி, குரல்வழிச் செய்தி முதலியன எடுத்துக்காட்டுகளாயின. கல்லிலும் உலோகத் தகட்டிலும் பொறித்த எழுத்து என்ற ஸ்டீபனின் பழைய எடுத்துக்காட்டும் அப்பட்டியலிலேயே நிலைபெற்றிருக்கிறது.

ஆகவே, தொடக்கத்தில் நாம் கண்ட அன்பர் அஞ்ச வேண்டியதில்லை; வாடகைச் செய்தியும் பணி ஆணையும் சட்டத்தின் கண்ணில் ஆவணங்களே. எனினும் மூன்று செய்திகளை அவர் நினைவிற் கொள்வது நலம். கைப்பேசியை மாற்றுங்கால் பழைய பதிவுகளை அழித்துவிடலாகாது. நகலைச் சான்றாக வைக்குங்கால், சட்டம் கூறும் சான்றிதழை அதனுடன் இணைத்தல் வேண்டும். புதிய சட்டப்படி அதில் ஒரு பகுதியை ஆவணத்தை அளிப்பவரும், மற்றொரு பகுதியை வல்லுநரும் நிரப்ப வேண்டும். மூன்றாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலைத் தன் எல்லைக்குப் புறம்பாகவே வைத்துள்ளது. ஊரிலுள்ள வீட்டையும் நிலத்தையும் யாருக்கு விடுவது என்பதைக் கைப்பேசிச் செய்தியாக எழுதி வைத்து அமைதி கொள்ளலாகாது. அதனைத் தாளில் எழுதி, சாட்சிகள் முன்னிலையில் கையொப்பமிடும் பழைய முறையையே இன்றும் கைக்கொள்ளுதல் வேண்டும்.