அப்பா போட்டது பைபிள் கதை, மகன் போட்டது பேய்க் கதை

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற டீச்சர் என்று அப்போதே பேர் வாங்கியவள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்திருந்தாள். நாலாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கையில் ஒரு படக்கதை பைபிள். பக்கத்துக்கு ஐந்தாறு கட்டம், ஆட்களின் தலைக்கு மேலே பேச்சு பலூன், அப்படியே காமிக்ஸ்தான். "ஆச்சி, ஏவாள் சாப்பிட்டது ஆப்பிள்தானே?" என்று கேட்டாள். "ஆமா" என்று சொல்ல வாயெடுத்தவள் ஒரு சந்தேகத்தில் ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்தேன். கனி என்றுதான் இருக்கிறது. என்ன கனி என்று ஒரு வார்த்தை இல்லை. அறுபது வயது கடந்த எனக்கே மனசில் ஆப்பிள்தான் நின்றது. அதை அங்கே வைத்தது எழுத்து அல்ல, படம்.

அன்று ராத்திரி எனக்குப் பழைய சம்பவம் ஒன்று ஞாபகம் வந்து தூக்கம் போனது. 1984 என்று நினைக்கிறேன். வேலையில் சேர்ந்து இரண்டாவது வருடம். அஞ்சாம் வகுப்பில் ஒரு பையன் சமூக அறிவியல் புத்தகத்துக்குள் இரும்புக்கை மாயாவியை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி, எல்லோர் முன்னாலும் இரண்டாகக் கிழித்துப் போட்டேன். அவன் அழுதான். அது அவன் புத்தகம் இல்லை, கடையில் வாடகைக்கு எடுத்தது. கடைக்காரருக்கு என்ன பதில் சொல்வான் என்று நான் யோசிக்கவே இல்லை.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் தாவீது கோலியாத்து கதை நடத்தினேன். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த ஆங்கிலப் படக்கதை பைபிளைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டுதான் நடத்தினேன். அதே கட்டம், அதே பலூன். ஒன்றைக் கிழித்த கையால் இன்னொன்றைத் தூக்கிக் காட்டினேன். அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

பேத்தி ஊருக்குப் போன பிறகு இந்தப் படக்கதை பைபிள்களின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். எனக்கு முன்பே இதே முரண்பாட்டில் வாழ்ந்த ஓர் அப்பாவும் மகனும் அதில் இருந்தார்கள். அந்தக் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதலில் ஒரு விஷயம். படத்தை வைத்து வேதம் சொல்லிக்கொடுப்பது புதிது அல்ல. கி.பி. 600 வாக்கில் மார்செய் நகரத்து ஆயர் ஒருவர் கோயிலில் இருந்த படங்களை உடைத்துவிட்டார். போப் முதலாம் கிரகோரி அவரைக் கண்டித்துக் கடிதம் எழுதினார். படிக்கத் தெரிந்தவனுக்குப் புத்தகம் எப்படியோ, தெரியாதவனுக்குப் படம் அப்படி என்பது அவர் வாதம். 15ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளில் மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்த புத்தகங்கள் வந்தன. 'ஏழைகளின் பைபிள்' என்று பின்னாளில் அதற்குப் பேர் வந்தது. நடுவில் இயேசுவின் வாழ்க்கைக் காட்சி ஒன்று, இரு பக்கமும் அதற்குப் பொருந்துகிற பழைய ஏற்பாட்டுக் காட்சிகள், கூடவே தீர்க்கதரிசிகள். அவர்கள் சொல்வது சுருள் போன்ற பட்டையில் எழுதியிருக்கும். இன்றைய பேச்சு பலூனுக்குப் பாட்டன் என்று அதைச் சொல்லலாம்.

இனி நம் ஆளுக்கு வருவோம். அவர் பெயர் மேக்ஸ் கெயின்ஸ். அமெரிக்கர், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு காலத்தில் பள்ளியில் வேலை பார்த்தவர், நம்ம ஜாதி! 1933இல் நியூயார்க்கில் ஓர் அச்சு நிறுவனத்துக்காக வேலை செய்தபோது, செய்தித்தாளின் படக்கதைப் பக்கங்களை மடித்துச் சின்னப் புத்தகமாக்கும் முயற்சியில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. முதலில் அது சோப்பு, பற்பசை மாதிரி சாமான்களுக்கு இலவச இணைப்பு. அவர் சில பிரதிகளில் 10 சென்ட் என்று சீட்டு ஒட்டிக் கடையில் வைத்துப் பார்த்தார், எல்லாம் விற்றுத் தீர்ந்தது என்று அந்தத் தொழிலில் ஒரு கதை உண்டு. அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகத்தின் தொடக்கம் அதுதான்.

1938இல் சூப்பர்மேன் வந்தது. பிள்ளைகள் காமிக்ஸ் மேல் பைத்தியமாகத் திரிந்தார்கள். எதிர்ப்பும் கூடவே வந்தது. 1940இல் சிகாகோவின் செய்தித்தாள் ஒன்றில் ஸ்டெர்லிங் நார்த் என்ற எழுத்தாளர் காமிக்ஸைத் தேசிய அவமானம் என்று எழுதினார். பெற்றோரும் ஆசிரியரும் பயந்துபோனார்கள். அந்தப் பயத்துக்குப் பதிலாகவே 1941இல் உண்மைக் கதைகள் சொல்லும் 'ட்ரூ காமிக்ஸ்' வந்தது. உலக இலக்கியத்தைப் படக்கதையாக்கிய 'கிளாசிக் காமிக்ஸ்' வந்ததும் அதே வருடம். 1942இல் கெயின்ஸ் தன் பதிலை வெளியிட்டார். அதுதான் 'பிக்சர் ஸ்டோரீஸ் ஃப்ரம் தி பைபிள்'. மான்ட்கோமரி மல்ஃபோர்டு எழுதினார், டான் கேமரான் வரைந்தார். கத்தோலிக்கர், புரொட்டஸ்டன்ட், யூதர் என்று மூன்று தரப்பையும் ஆலோசனைக்கு வைத்துக்கொண்டார் கெயின்ஸ். பழைய ஏற்பாட்டுக்கு நான்கு இதழ், புதிய ஏற்பாட்டுக்கு மூன்று இதழ்.

அவர் மனசு இதில் எவ்வளவு இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. சில வருடத்தில், வொண்டர் வுமன் உள்பட நல்ல லாபம் தந்த கதைகளை எல்லாம் கூட்டாளிகளிடம் விற்றுவிட்டார். பைபிள் கதையை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். 'எஜுகேஷனல் காமிக்ஸ்', அதாவது கல்விக் காமிக்ஸ் என்று தனி நிறுவனம் தொடங்கினார். சுருக்கமாக ஈ.சி. அறிவியல், அமெரிக்க வரலாறு, உலக வரலாறு எல்லாவற்றையும் படக்கதையாகப் போட்டார்.

1947 ஆகஸ்டில் லேக் பிளாசிட் ஏரியில் மோட்டார் படகு விபத்தில் இறந்துபோனார். கூட இருந்த நண்பரின் மகனைக் காப்பாற்றிவிட்டுத்தான் இறந்தார் என்று சொல்வார்கள்.

நிறுவனம் மகன் வில்லியம் தலையில் விழுந்தது. வயது 25. காமிக்ஸில் அவருக்கு விருப்பமே இல்லை. அவர் என்ன படித்துக்கொண்டிருந்தார் தெரியுமா? வேதியியல் ஆசிரியராவதற்கு! அப்பா விட்டுப்போனது நஷ்டத்தில் ஓடிய கம்பெனி. மகன் ஈ.சி. என்ற எழுத்தை மாற்றவில்லை, விரிவை மாற்றினார். எஜுகேஷனல் போய் 'என்டர்டெய்னிங்' ஆனது. 1950 முதல் பேய்க் கதைகள், திகில் கதைகள். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது.

1954இல் அமெரிக்க செனட் குழு ஒன்று, காமிக்ஸ் படித்துப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களா என்று விசாரித்தது. ஃபிரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் காமிக்ஸ்தான் குற்றங்களுக்குக் காரணம் என்று புத்தகமே எழுதியிருந்தார். ஏப்ரல் 21 அன்று வில்லியம் தானாக முன்வந்து சாட்சி சொன்னார். அப்பாவைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். பைபிள் படக்கதையையும் நான்தான் வெளியிடுகிறேன், திகில் காமிக்ஸையும் நான்தான் வெளியிடுகிறேன் என்று ஒளிக்காமல் சொன்னார். ஒரு செனட்டர் ஓர் அட்டைப் படத்தைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடாரி, மறு கையில் வெட்டுண்ட தலை. இது நல்ல ரசனையா என்று கேட்டார். திகில் காமிக்ஸுக்கு இது சரிதான் என்றார் வில்லியம். அந்தப் பதில் அவரை முடித்துவிட்டது. அதே வருடம் பதிப்பாளர்களே கூடிக் கடுமையான விதிமுறை வகுத்தார்கள். தலைப்பில் திகில் என்ற சொல்லே வரக்கூடாது என்றார்கள். ஈ.சி.யின் பேய்க் கதைகள் நின்றன. 'மேட்' என்ற நகைச்சுவைப் பத்திரிகைதான் அவரைக் காப்பாற்றியது.

பல வருடம் கழித்து, 2012இல், கேரல் டில்லி என்ற பேராசிரியர் வெர்தாமின் சொந்தக் குறிப்புகளை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். தன் வாதத்துக்கு ஏற்றபடி பிள்ளைகள் சொன்னதை வெர்தாம் மாற்றியும் சுருக்கியும் எழுதியிருந்தது தெரியவந்தது.

அந்த வெட்டுண்ட தலையைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் ஓய்வுநாள் பள்ளியில் தூக்கிக் காட்டிய கதை என்ன? தாவீது கோலியாத்தை வீழ்த்தியது. கவண் கல்லோடு கதை முடியவில்லை. கோலியாத்தின் வாளையே உருவி அவன் தலையைத் தாவீது வெட்டினான் என்று 1 சாமுவேல் 17இல் இருக்கிறது. காயீன் தம்பியைக் கொன்றதும், வெள்ளத்தில் உலகம் மூழ்கியதும் பைபிள்தான். படத்தில் ரத்தம் இருக்கிறதா இல்லையா என்பது அளவுகோல் என்றால் பைபிளே தேறாது. கதை எதற்குச் சொல்லப்படுகிறது, படிக்கிற பிள்ளையின் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். அந்தப் பையன் பக்கத்தில் நான் உட்காரவில்லை. அவன் மேஜைக்கு முன்னால் நின்று புத்தகத்தைக் கிழித்தேன்.

நான் அன்று கையில் பிடித்திருந்த பைபிளை வரைந்தவர் ஆந்த்ரே லெப்ளாங்க் என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். ஹைதி நாட்டில் பிறந்தவர், பிரேசிலிலும் பல காலம் படக்கதை வரைந்தவர். எழுதியவர் ஐவா ஹோத் என்ற பெண்மணி. டேவிட் சி. குக் என்ற அமெரிக்கப் பதிப்பகம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கான வாரத்தாளில் தொடராகப் போட்டு, 1970களில் புத்தகமாக்கியது. அதே பதிப்பகம் 2010இல் 'ஆக்‌ஷன் பைபிள்' கொண்டுவந்தது. அதை வரைந்த செர்ஜியோ கரியெல்லோ பிரேசிலில் பிறந்தவர், மார்வெல், டி.சி. நிறுவனங்களுக்கு சூப்பர் ஹீரோ வரைந்தவர். 1942இல் சூப்பர் ஹீரோவுக்கு மாற்றாக வந்த பைபிள் காமிக்ஸ், கடைசியில் சூப்பர் ஹீரோ வரைந்தவர் கைக்கே வந்து சேர்ந்தது.

நம் நாட்டில் 1967இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்ர கதாவும் இதே கவலையில் பிறந்ததுதான். கிரேக்கக் கதை தெரிந்த பிள்ளைகளுக்கு ராமரின் தாயார் பெயர் தெரியவில்லையே என்று வருந்தித் தொடங்கினார். ராமாயண, மகாபாரதக் கதைகளின் வரிசையிலேயே இயேசு கதையையும் அவர் வெளியிட்டார்.

மறுபடி ஆப்பிளுக்கு வருகிறேன். படம் இரண்டு வேலை செய்கிறது. படிக்கத் தயங்குகிற பிள்ளையைக் கதைக்குள் இழுத்துவருகிறது. எழுத்து சொல்லாமல் விட்டதைத் தானாக நிரப்பியும் விடுகிறது. சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. யோனாவை விழுங்கியது பெரிய மீன், திமிங்கலம் என்று யோனாவின் புத்தகத்தில் இல்லை. இயேசுவின் முக அமைப்பை நான்கு சுவிசேஷங்களும் வர்ணிக்கவில்லை. நம் வீட்டுச் சுவர்களில் இருக்கும் பழுப்பு முடிக்காரரின் முகத்தைப் பரப்பியதில், 1940இல் வார்னர் சால்மன் என்ற அமெரிக்கர் வரைந்த படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதனால் படத்தைத் தூக்கிப்போட வேண்டாம். பேத்தியும் நானும் இப்போது ஒரு விளையாட்டு விளையாடுகிறோம். ஃபோனில் அவள் படக்கதையில் ஒரு பக்கம் சொல்வாள், நான் பைபிளைத் திறப்பேன். படத்தில் இருந்து எழுத்தில் இல்லாதது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை அவள்தான் ஜெயிக்கிறாள். எந்த மதத்துக் கதையானாலும் உங்கள் பிள்ளைகளோடு இதை விளையாடிப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. அந்த அஞ்சாம் வகுப்புப் பையனுக்கு இப்போது ஐம்பது வயது இருக்கும். பெயர் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, இங்கே எழுதவில்லை. தம்பி, இதை நீ படித்தால், டீச்சர் செய்தது தப்பு. மன்னித்துக்கொள். மறுபதிப்பாக வந்த மாயாவி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வா, அல்லது முகவரி அனுப்பு. கடைக்காரருக்கு அன்று என்ன சொல்லிச் சமாளித்தாய் என்றும் தெரிந்துகொள்ள ஆசை.

அவனோடு படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்