பாகவதர் வழக்கும் பார்வையாளர் இருக்கையும்

“எங்க பாட்டிக்குப் பாகவதர் பாட்டுன்னா உயிரு. ஆனா அவரு கொலை கேசுல ஜெயிலுக்குப் போனாராமே, நெசமாவா டீச்சர்?” என்று படிவம் 4 மாணவி ஒருத்தி கேட்டாள். அன்றைய பாடத்தைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு அந்த வழக்கைச் சொன்னேன்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வெளிவந்து சக்கைப்போடு போட்டது. அடுத்த மாதம், நடிகர்களைப் பற்றி அவதூறாக எழுதிவந்த ‘இந்து நேசன்’ ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு, மறுநாள் இறந்தார். கொலைச் சதியில் பங்குண்டு என்று எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள்.

1945இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன்னிலையில் ஜூரிகளோடு விசாரணை நடந்தது. பார்க்கக் கூட்டம் அலைமோதியது. ஜூரிகளும் நம்மைப் போன்ற பொதுமக்கள்தான். சாட்சிகளை நேரில் பார்த்தார்கள், கேட்டார்கள். தீர்ப்பு, இருவருக்கும் ஆயுள் தண்டனை.

மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. வழக்கை மறுபடி ஆராயும்படி அங்கிருந்து திருப்பி அனுப்பினார்கள். 1947இல் அதே உயர்நீதிமன்றத்தின் வேறு நீதிபதிகள் சாட்சியங்களைப் பரிசீலித்து இருவரையும் விடுதலை செய்தனர். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தது. கலைவாணர் மீண்டும் எழுந்தார். பாகவதரின் படங்களோ முன்புபோல் ஓடவே இல்லை. 1959இல் மறைந்தார்.

“அப்ப, நேர்ல பார்த்தவங்களே தப்பா முடிவு பண்ணலாமா? பின்னே எதுக்கு டீச்சர் பொதுமக்களை உள்ளே விடணும்?”

நல்ல கேள்வி. நீதி வழங்கினால் மட்டும் போதாது, வழங்குவது கண்ணுக்கும் தெரிய வேண்டும் என்றார் இங்கிலாந்து நீதிபதி ஹீவர்ட், 1923இல். பார்வையாளர் இருக்கை தீர்ப்புச் சொல்வதற்கு அல்ல. எல்லாம் முறைப்படி நடக்கிறதா என்று கவனிப்பதற்கு. ஜூரி முறை சிங்கப்பூரில் 1970இலும் மலேசியாவில் 1995இலும் முடிவுக்கு வந்தது. அந்த இருக்கை மட்டும் இன்னும் இருக்கிறது. கைப்பேசியை அணைத்துவிட்டு, நீதிபதி வரும்போது எழுந்து நின்று, அமைதியாக உட்கார்ந்து யாரும் கவனிக்கலாம்.

ஆனால் கவனிப்பதென்றால் கடைசிவரை கவனிக்க வேண்டும். ‘ஜெயிலுக்குப் போனார்’ என்ற பேச்சு எழுபது, எண்பது ஆண்டுகள் கடந்து நம் வகுப்பறை வரை வந்துவிட்டது. ‘விடுதலையானார்’ என்பது வந்து சேரவில்லையே! இன்று வாட்ஸ்அப்பில் கைதுச் செய்தி பகிரும் மாணவர்களிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், ஆசிரியர்களே.

அந்த மாணவி மட்டும் பையை எடுத்துக்கொண்டே சொன்னாள்: “வீட்டுக்குப் போனதும் பாட்டிகிட்ட மீதிக் கதையைச் சொல்லணும் டீச்சர்.”