எழும்பூரில் இறங்கியவர்கள்

போன வாரம் எங்கள் தெருவிலிருந்து ஒரு பையன் வேலைக்காகச் சென்னைக்குக் கிளம்பினான். இருபத்திரண்டு வயது. முதல் தடவையாகத் தனியாகப் போகிறான் என்று அவன் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கே, "மதுரை தாண்டிட்டான், சாப்பிட்டுட்டானாம்" என்றாள். மறுநாள் வாசல் தெளிக்கும்போது, "இறங்கிட்டான், ரூமுக்கும் போய்ச் சேர்ந்துட்டான்" என்றாள். வண்டி எந்த ஸ்டேஷனில் நிற்கிறது என்பதைக் கைபேசியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

1968 ஜூன் மாதம் இதே கோவில்பட்டி ஸ்டேஷனில் நான் மெட்ராஸ் வண்டி ஏறினேன். நான் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தேன் என்பது என் அம்மாவுக்குத் தெரிய ஐந்து நாள் ஆயிற்று. அதைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் தனியாக ரயிலேறி மெட்ராஸில் இறங்கியவர்களின் கதை எனக்கு வெகு காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரயில் வருவதற்கு முன்னால் நம் பக்கத்து ஜனங்கள் தூரப் பயணம் போகவில்லை என்று சொல்ல முடியாது. ராமேஸ்வரம் போனார்கள், காசிக்கும் போனார்கள். ஆனால் தனியாகப் போனவர்கள் அபூர்வம். கூட்டமாகக் கிளம்பி, மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும், ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து மைல் என்று போவார்கள். கோவில்பட்டியிலிருந்து மெட்ராஸ் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். வழியில் தங்குவதற்குச் சத்திரங்கள் இருந்தன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ராணி மங்கம்மாள் மதுரையை ஆண்டது 1689 முதல் 1706 வரை. நடந்து வருபவர்களுக்காக ஏற்பட்ட சத்திரத்துக்கு எதிரில் பின்னால் ரயில் வந்து நின்றது.

இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853ல் பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. மெட்ராஸில் அன்று ரயில் நிலையம் என்றால் ராயபுரம்தான். சென்ட்ரல் 1873ல்தான் வந்தது. நம் பக்கத்துக்குத் தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் பாதை 1870களில் வந்தது. 1876ல் தூத்துக்குடி வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். மூன்று வாரப் பயணம் ஒன்றிரண்டு நாளில் அடங்கிவிட்டது.

வேகத்தைவிட முக்கியமான மாற்றம் ஒன்று இதில் உண்டு. டிக்கெட் கொடுப்பவர், "யாரோடு போகிறாய், வீட்டில் சொல்லிவிட்டாயா" என்று கேட்பதில்லை. காசைக் கொடுத்தால் அந்தக் கெட்டி அட்டை டிக்கெட்டைத் தேதி குத்திக் கொடுத்துவிடுவார். ஒரு ஆள், ஒரு டிக்கெட். குடும்பமும் சாதிக்கூட்டமும் இல்லாமல் ஒருவன் ஊரைவிட்டுப் போகலாம் என்பதை நம் ஊர்களில் பலருக்குக் காட்டியது ரயில்தான்.

இந்தப் பாதையில் அப்படித் தனியாகக் கிளம்பியவர்களில் உலகத்துக்கே தெரிந்தவர் ஒருவர் உண்டு. 1896 ஆகஸ்ட் 29ந் தேதி, மதுரையில் பதினாறு வயதுப் பையன் ஒருவன் வீட்டில் கடிதம் எழுதி வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போனான். கையில் மூன்று ரூபாய். பழைய தேசப்படத்தைப் பார்த்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினான். இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா. விழுப்புரத்திலிருந்தே திருவண்ணாமலைக்கு ரயில் போகிறது என்பது அவனுக்குத் தெரியாது. வண்டியில் இருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் தெரிந்தது. காசு தீர்ந்துபோய்ப் பாதி வழி நடந்தான். திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு வீட்டில் சோறு போட்டு, அவன் காதுக் கடுக்கனை ஈடாக வைத்துக்கொண்டு நாலு ரூபாய் கொடுத்தார்கள். செப்டம்பர் 1ந் தேதி அவன் திருவண்ணாமலையில் இறங்கினான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று அழைக்கப்பட்டவர் அவர்தான். அவருடைய ஆன்மிகம் பற்றிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. கிளம்பியது தனியாக என்றாலும், வழி சொல்ல ஒருவரும் சோறு போட ஒரு வீடும் தேவைப்பட்டன. அதற்காகச் சொல்கிறேன்.

ரயிலுக்குள் எல்லோரும் சமம் என்றும் நினைத்துவிட வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பெட்டியில் யார் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் உட்கார வேண்டியிருந்தது உண்மை. ஆனால் ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம் என்று வெகு காலம் இருந்தது. பெரியாரும் நீதிக்கட்சியினரும் இதை எதிர்த்துப் போராடி, 1941ல்தான் அது ஒழிந்தது. என் அப்பா வாலிபத்தில் அந்தப் பலகைகளைப் பார்த்தவர். கடைசிவரை ஸ்டேஷன் சாப்பாட்டைத் தொடமாட்டார். ருசி பிடிக்கவில்லை என்பார். காரணம் அது இல்லை என்று எனக்குப் பிற்பாடு புரிந்தது.

மூன்றாம் வகுப்பின் கஷ்டத்தைக் காந்திஜி 1917ல் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறார். அந்த வருஷம் பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு 13 ரூபாய் 9 அணா கொடுத்து மூன்றாம் வகுப்பில் வந்தார். 22 பேர் உட்காரும் பெட்டி. இரண்டு ராத்திரி. ராய்ச்சூருக்கு அப்புறம் நெரிசல் தாங்க முடியவில்லை என்றும், ரயில்வே சிப்பந்திகள் வந்து எட்டிப் பார்த்ததெல்லாம் இன்னும் ஆட்களை உள்ளே தள்ளத்தான் என்றும் எழுதியிருக்கிறார். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் போனது 1974ல். நான் போனபோது அது இருந்தது. மரப்பலகை, கரித்தூள், ஜன்னலோரம் கிடைத்தவன் ராஜா.

இனி எழும்பூருக்கு வருகிறேன். கோயமுத்தூர், சேலம், பெங்களூர், பம்பாய், கல்கத்தா ஆட்களுக்கெல்லாம் சென்ட்ரல். தஞ்சாவூர், திருச்சி, மதுரை, திருநெல்வேலி ஆட்களுக்கு எழும்பூர். அகலப் பாதைக்கு ஒரு வாசல், மீட்டர் பாதைக்கு ஒரு வாசல். எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11ந் தேதி திறக்கப்பட்டது. வரைபடம் போட்டவர் ஹென்றி இர்வின். மைசூர் அரண்மனையை வடிவமைத்ததும் இவரே. கட்டியவர் பெங்களூர் ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளை. சுமார் 17 லட்சம் ரூபாய் செலவு. கோபுரமும் வளைவுமாக ஏதோ நவாப் அரண்மனை மாதிரி இருக்கும். காரைப் பிளாட்பாரத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்துகிற வசதிகூட அங்கே உண்டு. இலங்கைக்குப் போகிற போட் மெயிலும் இங்கிருந்துதான் புறப்படும். 1914ல் பாம்பன் பாலம் வந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயிலிலும், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பலிலும் போவார்கள். 1964 டிசம்பர் புயலோடு தனுஷ்கோடி போயிற்று. அந்தப் பயணமும் போயிற்று.

அரண்மனை மாதிரி ஸ்டேஷன் கட்டினார்கள், சரி. இறங்குகிறவன் எங்கே போவான்? அதற்கும் மெட்ராஸ் மெல்ல மெல்லத் தன்னைத் தயார் செய்துகொண்டது. சென்ட்ரலுக்கு எதிரே ராஜா சர் ராமசாமி முதலியார் சத்திரம் வந்தது. எழும்பூருக்கு எதிரே கென்னட் லேனில் லாட்ஜுகள் வந்தன. திருவல்லிக்கேணியில் மெஸ்களும் மேன்ஷன்களும் வந்தன. ஆனால் நம்மில் பெரும்பாலோருக்கு இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது ஒரு தபால் கார்டு. "சிரஞ்சீவி இன்ன தேதி வண்டியில் வருகிறான், ஸ்டேஷனுக்கு வந்து அழைத்துப் போகவும்." ஊருக்கு ஒருவர் மெட்ராஸில் இருப்பார். அவர் வீட்டுத் திண்ணையில் எத்தனையோ பேர் படுத்து எழுந்து வேலைக்குப் போயிருப்பார்கள்.

எனக்கு அப்படி மாம்பலத்தில் ஒரு சித்தப்பா. அப்பாவுக்குப் பங்காளி முறை. அரசாங்க ஆபீஸ் ஒன்றில் எழுத்தர் வேலைக்கு உத்தரவு வந்ததும் அப்பா அவருக்குக் கார்டு எழுதினார். நான் தகரப் பெட்டி, ஜமுக்காளத்தில் சுற்றிய தலையணை, புளியோதரைப் பொட்டலம் இவற்றோடு வண்டி ஏறினேன். பனியனுக்குள் அம்மா தைத்துக் கொடுத்த பையில் நாற்பது ரூபாய்.

விருதுநகரில் ஒரு பையன் ஏறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பதினாலு பதினைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை மட்டும். கோடம்பாக்கத்தில் அண்ணன் இருக்கிறான், சினிமாக் கம்பெனியில் வேலை என்றான். விலாசம் கேட்டேன். போய்க் கேட்டால் சொல்வார்கள் என்றான். அவனிடம் சாப்பாடு இல்லை. என் புளியோதரையில் பாதியைக் கொடுத்தேன். ராத்திரி முழுக்க என் தோளில் சாய்ந்து தூங்கினான்.

காலையில் எழும்பூர். அவ்வளவு கூட்டத்தை அதற்கு முன் நான் ஊர்த் தேரோட்டத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் தேர்க்கூட்டத்தில் எல்லோரும் ஒரே பக்கம் போவார்கள். இங்கே ஆளுக்கொரு பக்கம். போர்ட்டர்கள், லாட்ஜுக்கு ஆள் பிடிப்பவர்கள், வெளியே ஜட்கா, ரிக்ஷா. பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சித்தப்பாவைத் தேடினேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் அந்தப் பையனைக் காணோம்.

சித்தப்பாவும் வரவில்லை. கூட்டம் வடிந்து, வண்டியையும் யார்டுக்கு இழுத்துப் போய்விட்டார்கள். ஒருவன் வந்து, நல்ல ரூம் இருக்கிறது என்று என் படுக்கையைத் தூக்கிக்கொண்டான். அப்போதுதான் சிவப்புச் சட்டை போட்ட வயதான போர்ட்டர் ஒருவர் வந்து அவனை ஒரு அதட்டு அதட்டினார். அவன் படுக்கையைப் போட்டுவிட்டுப் போனான்.

"இன்னா தம்பி, யாருக்கோசரம் நிக்கிறே?"

சொன்னேன்.

"மாம்பலம்தானே? வெளியே போவாதே. இங்கியே எலெக்ட்ரிக் ட்ரெயின் வரும். சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். எறங்கி விலாசத்தைக் காமி, சொல்லுவாங்க."

பெட்டியைத் தூக்குவார், கூலி கேட்பார் என்று பனியனுக்குள் கையை விட்டேன். "இது நீயே தூக்குற கனம்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டியைப் பார்த்துப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சித்தப்பா வீட்டைக் கண்டுபிடித்துப் போனபோது அவர் சவரம் செய்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் திகைத்துப்போனார். அப்பாவின் கார்டு மறுநாள் காலையில்தான் வந்தது. தபால்காரரிடமிருந்து அதை வாங்கியவன் நானே. நான் வரப்போகிற செய்தியை நானே படித்தேன். அப்பா அந்தக் கார்டை எழுதிச் சட்டைப் பையில் வைத்தவர், சந்தை வேலையில் மறந்து, இரண்டு நாள் கழித்துத்தான் பெட்டியில் போட்டாராம். வீட்டில் வெகு காலம் இதைச் சொல்லிச் சிரிப்போம்.

மின்சார ரயில் கோடம்பாக்கத்தில் நின்றபோது நான் ஜன்னல் வழியாகப் பிளாட்பாரத்தைப் பார்த்தேன். அந்தப் பையன் தென்படவில்லை. பிறகு மெட்ராஸில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். கோடம்பாக்கம் வழியாகத் தினமும் போய் வந்தேன். ஆரம்பத்தில் சில வருஷம் தேடினேன். அப்புறம் அவன் முகமே மறந்துவிட்டது. அன்று எனக்கு வழி சொன்ன போர்ட்டருக்கு என்னைத் தெரியாது. அந்தப் பையனுக்கோ என்னைத் தெரியும், என் கைச்சோற்றைச் சாப்பிட்டவன். "என்னோடு வா, முதலில் சித்தப்பா வீட்டுக்குப் போவோம், அப்புறம் உன் அண்ணனைத் தேடலாம்" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்கே போக்கிடம் நிச்சயமில்லை என்ற பயத்தில் அது தோன்றவே இல்லை.

எழும்பூரும் மாறிவிட்டது. மீட்டர் கேஜ் போய் அகலப் பாதை வந்தது. கடற்கரை-தாம்பரம் மார்க்கத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004ல் நின்றது. இப்போது பல பெரிய ஸ்டேஷன்களில் 1098 என்று ஒரு எண் எழுதியிருக்கிறார்கள். தனியாக வந்து நிற்கிற குழந்தையைப் பார்த்தால் கூப்பிடச் சொல்லும் எண். போன தடவை பேத்தியோடு இறங்கியபோது, "அது என்ன நம்பர் தாத்தா?" என்று கேட்டாள். சொன்னேன். 1968ல் இது இருந்திருந்தால் நான் கூப்பிட்டிருப்பேனா என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

உங்களில் எத்தனையோ பேர் இப்படி ஒரு பெட்டியோடு எழும்பூரிலோ சென்ட்ரலிலோ இறங்கியிருப்பீர்கள். உங்களை அழைக்க யார் வந்தார்கள், வராமல் போனபோது யார் வழி சொன்னார்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். ஸ்டேஷனைக் கட்டியவர்களின் பெயர் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. வழி சொன்னவர்களின் பெயரை நாம்தான் சொல்ல வேண்டும், தெரிந்திருந்தால்.