கல்முனைக் கரையின் கவி

கொழும்பில் வானொலி நிலையம் 1925 டிசம்பர் 16இல் தொடங்கிற்று. பிற்காலத்தில் எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்குத் தமிழகமும் காத்திருந்தது. அவர் வழங்கியது பெரிதும் திரைப்பாட்டே. அவர்மீது குறையில்லை, கேட்டோர் விரும்பியதும் அதுவே.

கல்முனை, நிந்தவூர்ப் பகுதி முஸ்லிம் மக்களுக்கோ 'கவி' என்னும் நாலடிப் பாட்டு உண்டு. மச்சானை அழைப்பதும் ஏசுவதும் அதனுள் அடங்கும். கட்டியவர் பெயர் எஞ்சவில்லை. வானொலி நாடகங்கள் எழுதிய நிந்தவூர் எஸ். முத்துமீரான் அக்கவிகளைத் திரட்டி நூலாக்கியது நம் பேறு.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, சாய்ந்தமருதுக் கரைகளை வாரியபோது, எத்தனை மூதாட்டியர் நெஞ்சிலிருந்த பாட்டுகள் மறைந்தனவோ!

நூலில் சொல் உண்டு, மெட்டு இல்லை. மெட்டறிந்தோர் இருக்கும்போதே, ஒலிப்பதிவுக் கருவியுடன் அறிவிப்பாளர் எவரேனும் அங்கே விரைந்து செல்லட்டும்.