சாலைக் கடைத்தெருவும் நவராத்திரிப் பாட்டும்

நண்பர்கள் நால்வர் கூடியமர்ந்து பேசும் பேச்சிலே வரலாறு உண்டா என்று சிலர் வினவலாம். உண்டு என்பதே நமது விடை. அரசர் செய்த போரும் உடன்படிக்கையும் ஏடுகளில் ஏறிவிடுகின்றன. ஆனால், எந்தக் கடையில் பாத்திரம் வாங்கினோம், எந்த முற்றத்தில் அமர்ந்து பாட்டுக் கேட்டோம், யாரோடு பேசிக்கொண்டே வீடு திரும்பினோம் என்னும் செய்திகள் பேச்சிலே பிறந்து பேச்சிலேயே மறைந்துவிடுகின்றன. தாய்நிலத்தை விட்டு வந்து வாழும் குடும்பங்களுக்கோ, அச்செய்திகளே பாதி வரலாறு.

அண்மையில் ஒரு ஞாயிறு மாலை, கழக்கூட்டத்தில் சங்க அன்பர் ஒருவரின் இல்லத்தில் கூடியிருந்தோம். ஆண்டு விழாவுக்குரிய வேலைகளைப் பகிர்ந்துகொண்ட பின், பேச்சு வழக்கம்போல் வீட்டுச் செய்திகளின் பக்கம் திரும்பிற்று. வீட்டு வாடகை, பிள்ளைகளின் தேர்வு, காலையில் புறவழிச் சாலையில் தேங்கி நிற்கும் வண்டிகள் எல்லாம் பேசி முடிந்தபின், பண்டிகைக்குப் பொருள் வாங்குவது எங்கே என்ற வினா எழுந்தது.

டெக்னோபார்க்கில் பணிபுரியும் இளைஞர் ஒருவர், "ஆக்குளத்தில் லுலு மால் இருக்கும்போது வேறெங்கே போவது, மாமா? துணியும் மளிகையும் ஒரே இடத்தில் கிடைக்கும், நாலு பாட்டும் கேட்டு வரலாம்" என்றார்.

நாகர்கோவிலிலிருந்து வந்து இந்நகரிலேயே தலை நரைத்த பெரியவர் ஒருவர் நகைத்தார். "தம்பி, அது குளிர்காற்று வீசும் கிடங்கு. கடைத்தெரு என்றால் சாலைதான். அங்கே நான் நுழைந்தால் பத்துக் கடைக்காரர் பெயர் சொல்லி அழைப்பார்கள்" என்றார்.

இரு பக்கமும் ஆட்கள் சேர்ந்தனர். அதுவரை வாய் திறவாதிருந்த மற்றொரு பெரியவர் மெல்லச் சொன்னார்: "சாலை எனக்கும் பிடித்த இடந்தான், அண்ணாச்சி. ஆனால், என் பாட்டனாரின் தகப்பனார் காலத்தில் எங்கள் ஆட்கள் கடைத்தெருவில் நிமிர்ந்து நடக்க முடியாது. காசைத் தூரத்தில் வைத்துவிட்டு விலகி நிற்கவேண்டும் என்று வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறேன்."

அவை சிறிது நேரம் அமைதியாயிற்று. அந்த அமைதியே இக்கட்டுரைக்கு வித்து. பழைய கடைத்தெருவை நினைந்து நாம் ஏன் ஏங்குகின்றோம்? அந்த ஏக்கத்திலே எதைப் போற்றிக் காத்தல் வேண்டும்? எதை மறைக்காமல் ஒப்புக்கொள்ளல் வேண்டும்? வரலாற்றைக் கொண்டே இவற்றிற்கு விடை காண்போம்.

சாலை பிறந்த கதை

நாம் குடியிருக்கும் கழக்கூட்டம் நேற்று முளைத்த ஊரன்று. வேணாட்டின் எட்டுவீட்டுப் பிள்ளைமாருள் ஒருவர் கழக்கூட்டத்துப் பிள்ளை. 1729-ஆம் ஆண்டில் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா அப்பிள்ளைமாரின் ஆற்றலை அடக்கியே திருவிதாங்கூரைப் பேரரசாக்கினார். அப்போது தலைநகர் இன்றைய குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம். அவருக்குப்பின் ஆண்ட கார்த்திகைத் திருநாள் ராமவர்மா காலத்தில், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில், தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறியது. அரண்மனை பெயர்ந்தால் கணக்கரும் வணிகரும் கலைஞரும் உடன் பெயர்வது இயல்பு. இந்நகரத்துத் தமிழ்க் குடிகளில் பலரின் வரவு அவ்வாறு நேர்ந்ததே.

அந்நாளில் திவானாக விளங்கியவர் ராஜா கேசவதாஸ். கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் நோக்கி நீளும் சாலைக் கடைத்தெருவை உருவாக்கியவர் அவரே. தெற்கேயிருந்து நாஞ்சில் நாட்டு நெல்லும், தோவாளைப் பூவும், வெற்றிலையும், கருப்பட்டியும் மாட்டுவண்டிகளில் வந்து இத்தெருவில் இறங்கின. 1904-இல் செங்கோட்டையையும் கொல்லத்தையும் ரயில் இணைத்தது. 1918-இல் அப்பாதை திருவனந்தபுரத்தை எட்டிற்று. அதன்பின் நெல்லைச் சீமை வணிகர்க்கு மலை ஒரு தடையாக இல்லை. பாத்திரக்கடை, பலசரக்குக் கடை, பூக்கடை எனப் பலவற்றிலும் தமிழ்க்குரல் ஒலித்தது. தமிழ்க் கடைக்காரரை மலையாள அன்பர்களும் 'அண்ணாச்சி' என்றே அழைத்தனர். விலை கேட்பவர் மலையாளத்திற் கேட்பார். விடை தமிழில் வரும். இருவருக்கும் பொருள் விளங்கும். பள்ளிக்கூடம் இன்றியே இரு மொழியும் கற்பித்த தெரு அது.

இத்தெருவுக்குத் தமிழிலக்கியத்தில் நிலையான இடம் தேடித் தந்தவர் ஆ. மாதவன். 1934-இல் இந்நகரிற் பிறந்து, சாலையிலேயே நெடுங்காலம் கடை நடத்திய அவர், 'கடைத்தெருக் கதைகள்' வாயிலாகச் சுமைதூக்குவோரையும், கைவண்டி இழுப்போரையும், தெருவோரம் உறங்குவோரையும் ஏட்டில் ஏற்றினார். 2015-ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வாய்த்தது. எழுத்தாள நண்பர்கள் தேடிவந்து பேசிச் செல்லும் இடமாகவும் அவர் கடை விளங்கிற்று. கல்லாவுக்குப் பின்னே அமர்ந்து வணிகமும் இலக்கியமும் ஒருங்கே நடத்திய அத்தகையவரை ஈன்றதே சாலையின் பெரும்பேறு.

பண்டிகையும் பாட்டும்

கடைத்தெருவைப் பற்றிப் பேசுவோர் பண்டிகைப் பாட்டைப் பேசாதிருத்தல் அரிது. நம் நகரத்துப் பண்டிகை இசைகளில் தலையாயது நவராத்திரி இசை. தலைநகர் மாறினாலும் தெய்வங்களின் உறவு அறுபடவில்லை. ஒவ்வோராண்டும் பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமரனும், சுசீந்திரத்து முன்னூற்று நங்கையும் ஊர்வலமாக இந்நகருக்கு எழுந்தருளுகின்றனர். அச்சரசுவதி கம்பர் வழிபட்ட திருமேனி என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. சரசுவதி கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருக்க, குமரன் தங்குமிடம் ஆரியசாலைக் கோயில். அது நம் சாலைக் கடைத்தெருவை அடுத்தது. வணிகர் வாழும் தெருவின் பக்கத்திலேயே வேளிமலை முருகன் விருந்தினனாக வந்து தங்குகின்றான்!

மண்டபத்திலே ஒன்பது மாலைகளிலும் சுவாதித் திருநாள் மன்னர் (1813–1846) இயற்றிய ஒன்பது கிருதிகள் ஒவ்வொன்றாகத் தலைமைப் பாட்டாக இடம்பெறும். முதல் நாள் சங்கராபரணம். இறுதி நாள் ஆரபி. கேட்போர் கைதட்டுதல் அங்கு வழக்கமன்று. இசை அங்கே வழிபாடு. அம்மன்னரின் அவையில் விளங்கிய தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்கு மன்னர் 1834-இல் தந்தத்தாலான வயலின் பரிசளித்த செய்தி இசையுலகம் அறிந்தது. பிற்காலத்தில் நெல்லைச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும், தஞ்சைத் தரணியின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் இந்நகரத்து இசைக் கல்லூரிக்குத் தலைமை ஏற்று, மன்னரின் பாடல்களைத் துலக்கி நாட்டுக்கு அளித்தனர். அக்கல்லூரி தோன்றியது 1939-இல்.

மண்டபத்திற்குச் செல்ல இயலாதவர்க்கு இசை வேறு வழிகளில் வந்தது. 1943 மார்ச் 12 அன்று திருவிதாங்கூர் வானொலி ஒலிக்கத் தொடங்கிற்று. 1950-இல் அது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. வானொலிப் பெட்டி உள்ள கடையின் வாயிலில் நின்று கேட்பது அந்நாளில் ஓர் இன்பம். பின்னர்ப் பாடகர் யேசுதாஸ் 1980-இல் இந்நகரில் தொடங்கிய தரங்கிணி நிறுவனத்தின் ஓணப் பாடல் நாடாக்கள் கடைதோறும் முழங்கின. பாளையத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் பிள்ளையார் கோயிலும் அண்டை அயலாக நிற்பதுபோல, பாங்கொலியும் கிறிஸ்துமஸ் கீதமும் நாகசுவரமும் நம் செவியில் அடுத்தடுத்து விழுந்தன. பண்டிகை எவருடையதாயினும், பாட்டு ஊராருக்கெல்லாம் உரியதாயிற்று.

1956-ஆம் ஆண்டு

இந்நிலையிலேதான் 1956 நவம்பர் 1-ஆம் நாள் வந்தது. மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் தாய்த்தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்காக 1954-இல் துப்பாக்கிக் குண்டுக்கு உயிர் ஈந்தோரும் உண்டு. திருவனந்தபுரத்துத் தமிழரோ வீட்டைவிட்டு ஓரடியும் பெயராமலே அயல் மாநிலத்தார் ஆயினர். சொந்த ஊர் களியக்காவிளைக்கு அப்பால். கடையும் வேலையும் இப்பால். ஆயினும் நவராத்திரி ஊர்வலம் நிற்கவில்லை. எல்லையில் தமிழகத்தார் வழியனுப்ப, கேரளத்தார் எதிர்கொண்டு வரவேற்கின்றனர். நிலவரைபடம் பிரித்ததைப் பாட்டும் வழிபாடும் இன்றுவரை இணைத்து வருகின்றன.

வியப்புக்குரிய ஒரு பொருத்தம் உண்டு. அதே 1956-இல், அக்டோபர் 8 அன்று, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 'சவுத்டேல்' என்னும் வணிக வளாகம் திறக்கப்பட்டது. கூரையால் முழுதும் மூடி, தட்பவெப்பத்தைச் சீர்செய்து, நடுவே முற்றம் அமைத்த 'மால்' என்னும் வகைக்கு அதுவே முன்னோடி. அதனை வரைந்த விக்டர் குருயன், நாஜிகளுக்கு அஞ்சி 1938-இல் வியன்னா நகரை விட்டு ஓடிவந்தவர். தாம் இழந்த நகரத்தின் நாற்சந்தியையும், நண்பர்கள் அமர்ந்து பேசும் காப்பிக் கடைகளையும் புது நாட்டில் மீண்டும் காண விரும்பியே அவர் அம்முற்றத்தை வகுத்தார். தம் கனவு வெறும் வாணிபமாய்ச் சுருங்கியது கண்டு பிற்காலத்தில் மனம் கசந்தார். ஆக, இன்று நாம் குறைகூறும் மாலும் ஊர் இழந்த ஒருவரின் ஏக்கத்திலே பிறந்ததுதான்! அங்கே மெல்ல ஒலிக்கும் பின்னணி இசைக்கு அதனினும் மூத்த வரலாறு உண்டு. கம்பிவழியே கடைகளுக்கு இசை அனுப்பும் முறையை வகுத்த ஜார்ஜ் ஸ்குயர் என்னும் படைத்தலைவர் 1934-இல் அதற்கு 'மியூசாக்' என்று பெயரிட்டார்.

நம் கழக்கூட்டத்தில் 1990-ஆம் ஆண்டு, நாட்டிலேயே முதன்முதலாக, டெக்னோபார்க் என்னும் தொழில்நுட்பப் பூங்கா நிறுவப்பட்டது. அதனை நாடி வந்த இளைஞர் பலருக்குச் சாலை ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பழங்கதை. 2018-இல் மால் ஆஃப் டிராவன்கூரும், 2021 டிசம்பரில் லுலு மாலும் புறவழிச் சாலையோரம் எழுந்தன. ஆ. மாதவன் மறைந்ததும் அதே 2021-ஆம் ஆண்டின் சனவரியில்தான். சாலையின் கதைசொல்லி சென்ற ஆண்டிலேயே நகரின் பெருங்கடை வாயில் திறந்தது.

கதவு யாருக்குத் திறந்தது?

இனி, அன்று மெல்லப் பேசிய பெரியவரின் சொல்லுக்கு வருவோம். அவர் கூறியது வரலாற்று உண்மை. திருவிதாங்கூரின் பொதுச் சாலைகளில் நடக்கும் உரிமை 19-ஆம் நூற்றாண்டில் எல்லாருக்கும் இல்லை. 1893-இல் வெங்ஙானூர் அய்யன்காளி வில்வண்டி ஒன்றை வாங்கி, தலைப்பாகை அணிந்து, தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதனை ஓட்டிச் சென்றார். எதிர்த்தவர்க்கு அஞ்சாது அவரும் தோழரும் பெற்ற அடிகளே பிற்காலத்தார் நடக்கும் வழிகளாயின. கோயிற் கதவு திறந்தது அதற்கும் 43 ஆண்டுகள் கழித்து, 1936 நவம்பர் 12-ஆம் நாள் அறிக்கையால்.

நாம் போற்றும் நவராத்திரி மண்டபமும் இவ்வினாவுக்கு விலக்கன்று. கல்வித் தெய்வம் பெண்ணுருவில் கொலுவிருக்கும் அம்மண்டபத்தில் பெண்ணொருவர் கச்சேரி செய்ய 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் அங்கே முதன்முதலாகப் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள். இசைக் கல்லூரியின் முதல் மாணவியாகவும் முதல் ஆசிரியையாகவும் விளங்கிய அவர், அப்போது எண்பதை எட்டிய முதியவர்.

ஆகவே, "அந்தக் காலம் பொற்காலம்" என்று பெரியவர்கள் கூறும்போது, யாருக்குப் பொற்காலம் என்று ஒருமுறை வினவுவது நன்று. மாலின் கண்ணாடிக் கதவு சாதி கேட்பதில்லை, பாலும் கேட்பதில்லை. அது பெரிய ஆதாயம். ஆனால், அக்கதவு பெயரும் கேட்பதில்லை. கையில் பணம் குறைந்த நாளில் "அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், கொண்டு போங்கள்" என்று சொல்ல அங்கே அண்ணாச்சி இல்லை. பழைய தெரு அறிந்தவரை அணைத்தது, பலரை விலக்கியது. புதிய வளாகம் எவரையும் விலக்குவதில்லை, எவரையும் அறிவதுமில்லை. இவ்விரண்டின் நன்மையும் ஓரிடத்தில் கூடுமானால், அதுவே நாம் வேண்டும் ஊர்.

அத்தகைய இடம் ஒன்றை அமைக்கும் ஆற்றல் நம் சங்கத்திற்கு உண்டு என்று நம்புகின்றோம். இங்கே கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. வருவோரைப் பெயர் சொல்லி அழைப்பாரும் இருக்கின்றனர். அன்பர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் ஒன்றே. இவ்வாண்டு ஒவ்வொரு வீட்டிலும் மூத்தவர்கள் தாம் கண்ட கடை, கேட்ட பாட்டு, நடந்த தெரு, நடக்க இயலாதிருந்த தெரு ஆகியவற்றை ஒரு பக்கமேனும் எழுதித் தருக. எழுத இயலாதார் சொல்ல, பேரப்பிள்ளைகள் எழுதுக. இனிய நினைவை மட்டும் பொறுக்கி எடுத்தல் வேண்டா, கசந்ததும் வருக.

அந்த ஞாயிறு மாலை கலையும்போது நாகர்கோவில் பெரியவர் எழுந்து சென்று, மெல்லப் பேசியவரின் அருகில் அமர்ந்தார். "இத்தனை ஆண்டு பழகியும் நீங்கள் இதைச் சொன்னதில்லையே, ஐயா" என்றார். "நீங்கள் கேட்டதில்லையே, அண்ணாச்சி" என்று விடை வந்தது. அடுத்த ஞாயிறு இளைஞரையும் அழைத்துக்கொண்டு மூவரும் சாலைக்குப் போவதென்றும், திரும்பும் வழியில் மாலில் காப்பி அருந்துவதென்றும் முடிவாயிற்று.