மோட்டார் இல்லம் வாடகைக்கு வந்த வரலாறு

ஓட்டிச் செல்லவும் உள்ளே தங்கவும் ஒருங்கே பயன்படும் ஊர்தியாகிய மோட்டார் இல்லம், அமெரிக்காவில் தொடக்கத்தில் செல்வர்களின் உடைமையாகவே இருந்தது. 1910இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் வெளியிட்ட டூரிங் லாண்டோ என்னும் காரில் பின்னிருக்கை படுக்கையாக விரிந்தது. ஓட்டுநர் இருக்கையின் பின்புறம் கைகழுவும் தொட்டி ஒன்று மடிந்திருந்தது. ஓட்டுநருக்குக் கட்டளையிடத் தொலைபேசியும் இருந்தது.

இந்த ஆடம்பரத்தைவிட வரலாற்றில் எடை மிகுந்தது, 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் தோன்றிய ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ என்னும் பயணியர் சங்கமே ஆகும். காருடன் கூடாரம் கட்டி முகாமிட்டு, டப்பாவில் அடைத்த உணவைச் சூடாக்கி உண்டு ஊர்சுற்றிய அவ்வுறுப்பினர்கள், தகர டப்பா ஒன்றைத் தம் காரின் ரேடியேட்டர் மூடியில் பற்றவைத்து, அதனையே பெருமைக்குரிய சின்னமாகக் கொண்டனர். குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் தங்கிப் பயணம் செய்யும் வழக்கத்தைப் பொதுமக்களுக்கு உரியதாக்கியவர்கள் இத்தகையோரே.

அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபேகோ நிறுவனம் 1966இல் மோட்டார் இல்லங்களைத் தொடர் உற்பத்தி முறையில் செய்யத் தொடங்கி விலையைக் குறைத்த பின்னரும், ஆண்டில் சில வாரங்களே விடுமுறை பெறும் குடும்பத்துக்கு அதனைச் சொந்தமாக வாங்கி நிறுத்திவைப்பது பெருஞ்சுமையாகவே இருந்தது. அச்சுமையை இறக்கியது வாடகை முறை. அத்தொழிலில் பெயர்பெற்ற குரூஸ் அமெரிக்கா 1972இல் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே எண்ணெய்த் தடையால் பெட்ரோல் தட்டுப்பாடு நேர்ந்தபோதும் அந்நிறுவனம் நிலைத்து நின்று, இன்றும் ஊர்திகளை வாடகைக்கு விட்டு வருகிறது.